கட்டை போடுகிறவன் கேட்கும் கேள்வி

மலை ஏறும் ஜீப்புக்குப் பின்னால் கட்டையோடு நடந்து வருகிறவனுக்கு ஒரு கேள்வி உண்டு. சக்கரத்துக்கு அடியில் குனிவதற்கு முன்னால் அவன் அதைக் கேட்டாக வேண்டும்.

“தெரியுறனா மாமா?”

செங்குத்தான ஏற்றத்தில் பழைய ஜீப்பின் கைபிரேக் நிற்காது. வலது கால் பிரேக்கில் மாட்டிக்கொண்டால் ஆக்ஸிலேட்டருக்குக் கால் இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கால் தாவுவதற்குள் வண்டி பின்னால் உருளும். அதனால் ஒருவன் பின்னால் நடந்து வந்து, வண்டி நின்ற இடத்தில் பின்சக்கரத்துக்கு முட்டாக ஒரு மரக்கட்டையை வைப்பான். வைத்துவிட்டு விலகி நின்று கையைத் தூக்குவான். அந்தக் கை கண்ணாடியில் தெரிந்த பிறகுதான் ஓட்டுகிறவன் பிரேக்கை விட வேண்டும். வண்டி இரண்டு விரற்கடை பின்னால் வந்து கட்டையில் உட்காரும். பிறகு இரண்டு காலும் நம்முடையவை. இவ்வளவுதான் வித்தை.

என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, கரும்பு லாரியில் பத்து வருஷம் இருந்தவன். கிளீனராகச் சேர்ந்து டிரைவராக இறங்கினான். இந்தக் கேள்வி அங்கிருந்து வந்தது. குனிகிறவன் கேட்பான்; ஓட்டுகிறவன் கண்ணாடியைப் பார்த்து “தெரியுற” என்று சொல்வான்; சொல்லாவிட்டால் குனிய மாட்டான். எஞ்சின் இரைச்சலில் அடியில் இருக்கிறவன் கத்தினால் கேட்காது. கண் மட்டும்தான் காவல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் இந்தக் கேள்வியை என்னிடம் எட்டு முறை கேட்டான். முதல் ஏழு முறையும் “தெரியுற” என்றேன். ஒரு முறைகூட அவன் எனக்குத் தெரியவில்லை.

விழுப்புரத்தில் எனக்கு ஒரு சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. சிரிக்கும் மணமக்களும் செத்தவர்களும் ஒரே மேசையில் காய்வார்கள். ஆவணி மாதத்தில் ஒருநாள் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று விழுந்துவிட்டது. நான்தான் இரண்டு முறை சரிபார்த்தேன். அவர் நேரில் வந்து, பத்திரிகையை என் முகத்துக்கு நேரே நீட்டி, “நான் எப்ப சார் போனேன்?” என்று கேட்டார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்த எழுத்தைத் தேடினேன். அது இருந்த இடத்தில் ஈரமான ஒரு திட்டு இருந்தது. கண்ணை இடப்பக்கம் தள்ளினால் திட்டும் கூடவே நகர்ந்தது.

புதுச்சேரியில் ஒரு கண் டாக்டர் என் விழிக்குள் வெளிச்சத்தை விட்டுப் பார்த்தார். சர்க்கரை, என்றார். இடது கண்ணில் உள்ளே ரத்தம் கசிந்து திரை மாதிரி தொங்குகிறது, வலது கண்ணில் நடுவில் வீக்கம், லேசர் வைக்கணும், ஊசி போடணும், அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க. அவர் சொன்னதில் கடைசி வாக்கியம் மட்டும் என் காதுக்குள் போகாமல் வெளியே நின்றது. வீட்டில் மனைவியிடம் கண்ணாடி மாற்றணுமாம் என்றேன். அந்த டாக்டரைப் பார்த்துவிட்டு விழுப்புரம் வரைக்கும் நானே ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தேன். முன்னால் போன ஒரு பஸ்ஸின் சிவப்பு விளக்குகளைப் பிடித்துக்கொண்டு, கையைப் பிடித்து நடக்கிற குழந்தை போல.

ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டால், அந்த ஜீப் என்பதுதான் பதில். பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஏலத்தில் வந்த வண்டி. அது வந்த பிறகுதான் என்னை நாலு பேர் கூப்பிட ஆரம்பித்தார்கள். அச்சகக்காரனாக அல்ல, கடைசி வண்டிக்காரனாக. விடுமுறை நாளில் பொழுதுபோக்காக ஜீப்புகளில் மலை ஏறுகிற எங்கள் கூட்டத்தில் எப்போதும் கடைசியில் என் ஜீப்தான். கடைசியில் வருகிறவன் பதறாதவனாக இருக்க வேண்டும். முன்னால் போகிற நாலு வண்டிகள் கிளறிவிட்ட பாதையில் ஏற வேண்டும். யாராவது சிக்கினால் பின்னாலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். “நீங்க பின்னால இருந்தா எங்களுக்குக் கண்ணு பின்னால இருக்குற மாதிரி” என்று ஒருமுறை சொன்னார்கள். கண்ணே போய்விட்டது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் மாலையே திண்டிவனம் போய் மச்சான் வீட்டில் தங்கினேன். பைபாஸ் ஓரத்தில் அவனுக்கு ஒரு பங்ச்சர் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. விடிவதற்கு முன்னால் அவன் மனைவி எழுந்து புளிச்சோறு கட்டி, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை அவித்து ஒரு தூக்கில் போட்டுக் கொடுத்தாள். பௌர்ணமிக்குத் திருவக்கரை போய் அம்மன் காலடியில் வைத்து எடுத்து வந்த எலுமிச்சம்பழங்கள் நாலு. அவளே ஜீப்பின் நாலு சக்கரத்துக்கும் முன்னால் வைத்தாள்.

“ஏத்துங்கண்ணா. நேரா ஏத்துங்க.”

ஏற்றினேன். மூன்று நசுங்கின. நாலாவது, இடது பின்சக்கரத்தது, வெளியே நழுவி சாக்கடை ஓரம் வரைக்கும் உருண்டு நின்றது. ஐப்பசி மாதத்து அரை வெளிச்சத்தில் மஞ்சளாக, முழுதாக. அது எனக்குத் தெரியவில்லை. மச்சான் சொல்லித்தான் தெரிந்தது.

“மாமா, ஒன்னு எகிறிக்கினு போச்சு.”

“அய்யய்யோ,” என்றாள் அவள்.

“இன்னா அய்யய்யோ? அம்மன் ஒன்ன ஜூஸுக்கு உட்டுருக்கா.” எடுத்து வந்து மறுபடி வைத்தான். மறுபடி ஏற்றினேன். நசுங்கியது. சாமியிடமும் சரிபார்ப்பில் ஒரு திருத்தம் போட்டாயிற்று.

புறப்படும்போது அவள் என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தாள். “அண்ணா, அவரு சொன்னா கேக்க மாட்டாரு. மலைன்னா பசங்க மாதிரி குதிப்பாரு. நீங்கதான் பத்திரமா இட்டுக்கினு வரணும்.”

சரிம்மா, என்றேன். அவள் முகம் இருந்த இடத்தில் அந்தத் திட்டு இருந்தது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

செஞ்சிக்கு வெளியே ஒரு டீக்கடையில் ஐந்து வண்டிகளும் சேர்ந்தோம். விழுப்புரத்து வண்டிகள் காணை வழியாக வந்திருந்தன. எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி ஒரு ரைஸ்மில்காரர். புது வண்டி, பெரிய சக்கரம், பெரிய குரல். எனக்கு முன்னால் நாலாவதாக எப்போதும் பல் டாக்டரம்மா வருவார். தனியாகவே ஓட்டுவார், யாரையும் ஏற்றிக்கொள்ள மாட்டார். மற்ற இரண்டு வண்டிகளில் ஒரு டைல்ஸ் கடைக்காரரும் அவருடைய பங்காளியும்.

ரைஸ்மில்காரர் என் ஜீப்பைச் சுற்றி வந்து பின்சீட்டில் கிடந்த கட்டையைத் தட்டிப் பார்த்தார். புளிய மரத்தில் செதுக்கிய முக்கோணக் கட்டை, ஒரு முனையில் கயிறு.

“இன்னாப்பா இது, திருவக்கரைல கல்லாப் போன பழைய மரத்துலருந்து ஒடச்சிக்கினு வந்துட்டியா? இந்தக் காலத்துல எவன் கட்டை போட்றான்? என் வண்டில பட்டன் இருக்குது, அமுக்குனா மலைல அப்படியே நிக்கும்.”

“உங்க பட்டன் புடிக்கலன்னா கீழ குட்டை இருக்குது சார், நேரா குளியல்தான்,” என்றான் மச்சான். “கட்டை பேட்டரி கேக்காது.”

“இவன் வாய்க்கு ஒரு கட்டை போடுங்கப்பா.”

பல் டாக்டரம்மா டீயை ஊதிக்கொண்டே, “வாய்க்குன்னா என் டிபார்ட்மெண்ட்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்தபோது, மேற்கே குன்றுகளின் மேல் மேகம் இறங்கியிருந்ததை யாரோ சொன்னார்கள். எனக்கு அந்தப் பக்கம் முழுக்கவே மேகமாகத்தான் இருந்தது.

அனந்தபுரத்தைத் தாண்டிப் போனால் வயல்கள் முடியும் இடத்தில் பாறைக் குன்றுகள் தொடங்கும். இந்தப் பக்கத்து மலைகளுக்கு வழுவழுப்பான சரிவு கிடையாது. யாரோ வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு மறந்துபோன பாறைகள். ஒன்றின் மேல் ஒன்று, விழலாமா என்று யோசித்தபடி. அவற்றில் ஒரு குன்றை முப்பது வருஷம் வெடி வைத்து உடைத்தார்கள். பிறகு குவாரி மூடிப்போயிற்று. கல் லாரிகள் ஏறிய பாதை மட்டும் குன்றைச் சுற்றிக்கொண்டு மேலே வரைக்கும் மிச்சம். ஐந்து வளைவுகள். வலப்பக்கம் வெட்டிய பாறைச் சுவர், இடப்பக்கம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததற்குக் கீழே, தோண்டிய குழியில் வருஷக்கணக்கான மழைத் தண்ணீர், பாசிப் பச்சையாக, அசையாமல். நில உரிமையாளரிடம் ரைஸ்மில்காரர் அனுமதி வாங்கியிருந்தார்.

அடிவாரத்தில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, எங்கள் வண்டிகள் வரிசையாக வருவதைப் பார்த்துக் கையை நீட்டி நிறுத்தினாள்.

“எங்க போறீங்க?”

“மேல வரைக்கும்தாம்மா. சும்மா, ஜாலிக்கு.”

“ஜாலிக்கா?” தலையில் போட்டிருந்த சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டாள். “நாலு நாளா பேயுது. நாலாவது வளைவு முடக்குல ஓரம் சரிஞ்சி உள்ள வாங்கிக்கினு கெடக்குது. என் ஆடே அந்தப் பக்கம் போவ மாட்டுது.”

“ஆட்டுக்கு நாலு கால்தான். எங்களுக்கு நாலு வீல் டிரைவு,” என்றார் ரைஸ்மில்காரர். அவள் சிரிக்கவில்லை. எங்கள் ஐந்து வண்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கடைசி வண்டியில் இருந்த என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தது போல் இருந்தது. போலத்தான். அவள் எந்தப் பக்கம் பார்த்தாள் என்று சொல்ல எனக்குக் கண் ஏது.

முதல் வளைவு வரைக்கும் நான் பல் டாக்டரம்மா வண்டியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். சிவப்பு நகர்ந்தால் நகர்வேன், நின்றால் நிற்பேன். பாதை முழுக்கச் சரளை, ஈரம். முன்னால் போன சக்கரங்கள் கிளறிய கற்கள் என் சக்கரத்துக்கு அடியில் உருண்டன, பல் கடிக்கும் சத்தத்தில். வளைவில் முன்வண்டி நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். மச்சான் குதித்து இறங்கினான். வலப்பக்கம் பாறைச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஆள் நுழைய இடமில்லை. பாரமும் இடப்பக்கமாகவே சாய்ந்து கிடந்தது. அதனால் கட்டை இடது பின்சக்கரத்துக்குத்தான். குழிப் பக்கத்துக்குத்தான்.

பின்னாலிருந்து பாடியை இரண்டு தட்டு தட்டினான்.

“தெரியுறனா மாமா?”

இடது கண்ணாடி எனக்கு வெகுதூரத்தில், உள்ளங்கை அளவு ஒரு பளபளப்பாக இருந்தது. அதற்குள் பழுப்பாக ஏதோ அசைந்தது. ஆளா, புதரா, மேகத்தின் நிழலா? தலையைத் திருப்பினேன். திரையும் திரும்பியது.

“தெரியுற.”

அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வெளியே வந்தது என்பதைத்தான் இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. மூச்சு மாதிரி வந்தது. பிறகு நான் எண்ணினேன். குனிய ஒன்று. வைக்க இரண்டு. நிமிர மூன்று. கை தூக்க நாலு. பிரேக்கை விட்டேன். ஜீப் மெல்லப் பின்னால் வந்து கட்டையில் உட்கார்ந்தது. முனகல் போல ஒரு சத்தம். அவ்வளவுதான். ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகாதது ஒரு பழக்கம். இரண்டாவது வளைவுக்குள் இன்னும் மூன்று முறை நின்றோம். மூன்று முறையும் கேட்டான். மூன்று முறையும் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எண்ணிக்கை என் கண்ணாகிவிட்டது. நன்றாகவே பார்த்தது. ஐந்தாவது முறை அவன் பாட்டுக் கட்டுவது போல இழுத்தான்: “தெரியுறனா... மா...மா...” நானும் இழுத்தேன்: “தெரியு...ற.” முன்னால் பல் டாக்டரம்மா வாக்கி டாக்கியில், “ரெண்டு பேரும் கச்சேரி பண்ணிக்கினு வர்றீங்களா?” என்று கேட்டார்.

மழை தூறத் தொடங்கியது. ஓரத்துப் பாறைகளின் மேல் தண்ணீர் கருப்பாக வழிந்தது. கீழே குட்டையில் மழைப் புள்ளிகள் விழும் சத்தம் இவ்வளவு உயரத்துக்குக் கேட்காது. ஆனால் எனக்குக் கேட்டது. கண் விட்டுப்போன இடத்தைக் காது வந்து பிடித்துக்கொள்ளும் போல. ஒரு கல் ஓரத்திலிருந்து கழன்று போவது கேட்டது. அது தண்ணீரைத் தொடும் வரைக்கும் உள்ள மௌனமும் கேட்டது. நீளமான மௌனம்.

இரண்டாவது வளைவு தாண்டி ஓர் இடத்தில் முன்வண்டிகளுக்காகக் காத்திருந்தோம். ஆறாவது கட்டை. மச்சான் இடப்பக்க ஜன்னலோரம் வந்து மல்லாட்டையை உரித்துக்கொண்டு நின்றான். தோலைக் குழிக்குள் வீசினான். காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து அவன் சட்டையில் ஒட்டியது.

“எங்க லாரில ஒருத்தன் இருந்தான் மாமா,” என்றான் திடீரென்று. “கிளீனரு. நம்ம வயசுதான். அவனுக்கு இந்தக் கைல நாலு வெரலு இல்ல. ஆலை வாசல்ல, மேட்டுல, லோடோட நிக்கிது வண்டி. இவன் தெரியுறனான்றான். டிரைவரு தெரியுறன்றாரு. அவரு பாட்டுக்கு எதுக்க பரோட்டாக் கடைய பாத்துக்கினு சொல்லிட்டாரு.” ஒரு மல்லாட்டையை வாயில் போட்டுக்கொண்டான். “அதுக்கப்புறம் அவன் இன்னா சொல்வான் தெரியுமா? வெரலு போனதுகூட இல்லடா, அந்தாளு ‘தெரியுற’ன்னாரு பாரு, அந்தக் கொரலு எவ்ளோ நல்லாருந்ததுன்வான்.”

நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன்.

“ஏன் மாமா மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது? சுகரா? மாத்தர போட்டீங்களா?”

“போட்டேன்டா. ஏறு.”

அப்போதே சொல்லியிருக்கலாம். அவன் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு நின்றான். இரண்டு முழ தூரம். வாய் திறந்தேன். முன்னாலிருந்து ரைஸ்மில்காரரின் குரல் வாக்கி டாக்கியில் உடைந்து உடைந்து வந்தது: “கடைசி வண்டி... கடைசி வண்டி ஓகேவா?” நான் பட்டனை அமுக்கி, ஓகே என்றேன். சொல்ல வந்தது உள்ளே போய்விட்டது. அந்தக் குரலும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

மூன்றாவது வளைவு குறுகலானது. பாதி ஏறியதும் பின்சக்கரம் சுற்றியது, கல் தெறித்தது, ஜீப் ஒரு முழம் பின்னால் வழுக்கி, பிரேக்கில் நின்றது. மச்சான் ஓடி வருவது கேட்டது. செருப்புச் சத்தம், சரளைச் சத்தம், மூச்சு.

“தெரியுறனா மாமா?”

கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. பழுப்புகூட இல்லை. சாம்பல்.

“தெரியுற.”

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. விட்டேன்.

ஜீப் பின்னால் வந்தது. வழக்கமான இரண்டு விரற்கடையில் நிற்கவில்லை. மூன்று, நாலு, ஒரு சாண். பின்னால் “ஏய்!” என்று ஒரு சத்தம். சொல் இல்லை, வெறும் சத்தம். இரண்டு காலையும் பிரேக்கின் மேல் போட்டு ஏறி நின்றேன். ஜீப் குலுங்கி நின்றது. பிறகு எதுவும் கேட்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, மழை பெய்துகொண்டிருந்தது, நான் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் எதுவும் கேட்கவில்லை. அவன் மனைவியின் குரல் மட்டும் தலைக்குள் தெளிவாக இருந்தது.

“கத்தாதீங்க. இருக்கறன்.”

வண்டியை ஒட்டி நடந்து முன்னால் வந்தான். முட்டி வரை சேறு. இடது காலில் செருப்பு இல்லை.

“கட்டை சரளைல வழுக்கிக்கிச்சு. ரெண்டாவது வாட்டி வெக்கக் குனிஞ்சன். கையத் தூக்கலியே மாமா, அதுக்குள்ள உட்டுட்டீங்க?”

“நான்...” என்றேன்.

“செருப்பு டயருக்கு அடியில பூந்துடுச்சு. கால உருவிக்கினேன்.” வெறும் காலைத் தூக்கிக் காட்டினான். விரல்களை அசைத்தான், ஒவ்வொன்றாக, எண்ணிக் காட்டுவது போல. அந்த அசைவு மட்டும் எனக்கு எப்படியோ தெரிந்தது. “அஞ்சும் இருக்குது. உங்க தங்கச்சிதான் திட்டுவா. போன மாசந்தான் வாங்குனது.”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாததால் அதன் கீழே இருந்த நடுக்கம் நன்றாகக் கேட்டது. மழையில் கண்ணாடி மறைத்திருக்கும் என்று அவனே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தான். தன் சட்டை நுனியால் இடது கண்ணாடியைத் துடைத்தான், அழுத்தி அழுத்தி. “இப்ப பாருங்க, பளிச்சுனு இருக்குது,” என்றான். கட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறும் கால். அந்த இரண்டு வேறு வேறு காலடிச் சத்தம் வண்டியைச் சுற்றிப் பின்னால் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முன்வண்டியின் சிவப்பு வளைவுக்கு அப்பால் மறைந்துவிட்டது. இப்போது பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

பாடியில் இரண்டு தட்டு.

“தெரியுறனா மாமா?”

எட்டாவது முறை.

பளிச்சென்று துடைத்த கண்ணாடியைப் பார்த்தேன். பளிச்சென்று ஒன்றுமில்லை. அந்தச் சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது; பழகிய நாய் வாசலில் வந்து நிற்பது போல. கதவைத் திறந்தால் போதும், தானே ஓடும்.

“தெரியல,” என்றேன்.

“இருங்க, இப்டி வர்றேன். இப்ப?”

“தெரியல.”

“இப்ப? கைய ஆட்றேன் பாருங்க.”

“தெரியல மச்சான். காலைலருந்தே தெரியல.”

வாக்கி டாக்கியில் ரைஸ்மில்காரர், “கடைசி வண்டி, ஏன் நிக்கிறீங்க, மழை புடிச்சிக்கப் போவுது, ஜல்தி வாங்க,” என்றார். பல் டாக்டரம்மா, “ஏதாவது பேஜாரா? நான் எறங்கி வரட்டுமா?” என்றார். நான் பட்டனைத் தொடவில்லை. வலது கால் பிரேக்கில் மரத்துப்போயிருந்தது. அதை எடுக்கவும் முடியாது.

அவன் இடப்பக்க ஜன்னலுக்கு வர அதிக நேரம் எடுத்துக்கொண்டான். உள்ளே எட்டி, என் முகத்துக்கு நேரே, கண்ணுக்கு நேரே, தன் கையை மெதுவாக இடமிருந்து வலமாகக் கொண்டு போனான். நான் அசையாமல் இருந்தேன். கை திரைக்குள் போய், காணாமல் போய், வலப்பக்கம் மறுபடி வந்தது.

“எப்பலருந்து?”

“ஆவணிலருந்து.”

“அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப ஏழு வாட்டி...” என்று ஆரம்பித்தான். குழிப் பக்கம் திரும்பி நின்றான். ஓரத்துச் சரளை அவன் வெறுங்காலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று கீழே போய்க்கொண்டிருந்தது. அவன் நகரவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தாளின் குரல் எவ்வளவு நல்லாருந்தது என்று அவனும் நினைத்துக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரிந்தது.

“எறங்கு,” என்றான்.

இருபது வருஷத்தில் அவன் என்னிடம் அப்படி ஒருமையில் பேசியதில்லை.

திரும்ப முடியாது. அந்த இடத்தில் வண்டியைத் திருப்ப அகலம் இல்லை. பின்னாலேயே இறக்கினால் மூன்று வளைவையும் கண்ணாடியில் பார்த்து இறக்க வேண்டும், ஈரச் சரளையில். நாலாவது வளைவுக்கு மேலேதான் லாரிகள் திரும்பிய மைதானம். ஏறித்தான் ஆக வேண்டும். அவன் ஓட்ட வேண்டும். ஓட்டினால் கட்டை போட ஒருவன் வேண்டும். பல் டாக்டரம்மா மேட்டில் வண்டியை விட்டுவிட்டு இறங்கி வரட்டும் என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பெரிய பாறை ஒன்றை உருட்டி வந்து சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான். அதன் மேல் ஜீப் உட்கார்ந்ததும் என் காலை எடுத்தேன். இடப்பக்கமாக நகர்ந்து இறங்கினேன். அவன் ஏறினான். கட்டையைக் கயிற்றோடு என் கையில் வைத்தான். எதுவும் சொல்லித்தரவில்லை.

பத்தடி ஏறினான். சக்கரம் சுற்றியது. நின்றான். பிரேக் விளக்கு எரிந்தது. அந்தச் சிவப்பு மட்டும் மழையில் பெரிதாக, கலங்கி, எனக்குத் தெரிந்தது. நான் இடப்பக்கமாக, பாறைச் சுவர் இல்லாத பக்கமாக, காலால் தடவித் தடவி நடந்தேன். இடது கால் ஒருமுறை காற்றில் மிதித்தது. பின்னால் எடுத்துக்கொண்டேன். டயருக்குப் பக்கத்தில் வந்தபோது அதன் சூடு முகத்தில் அடித்தது. ரப்பர் வாசனை, சேற்று வாசனை. பதினாறு வருஷமாக என்னுடைய வண்டி. அதை இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை. மேட்டில் நிற்கிற ஜீப் பின்னாலிருந்து பார்க்க ஒரு வீடு சரிந்து நிற்பது போல இருக்கும். அதற்கு அடியில்தான் குனிய வேண்டும்.

பாடியை இரண்டு தட்டு தட்டினேன்.

“தெரியுறனா?”

எஞ்சின் ஓடியது. ஒரு கல் ஓரத்திலிருந்து கழன்றது. அது தண்ணீரைத் தொடும் வரைக்கும் காத்திருந்தேன். தொட்டது.

“தெரியுறனா மச்சான்?”

“தல தெரியுது,” என்றான் உள்ளேயிருந்து. குரல் வறண்டிருந்தது. நல்ல குரலாக இல்லை. “தோளு தெரியுது. கை தெரியல. கையக் காட்டு.”

காட்டினேன்.

“தெரியுற.”

குனிந்தேன். சரளையைக் கையால் விலக்கி, ஈர மண் தட்டும் வரைக்கும் தோண்டி, கட்டையைச் சக்கரத்துக்கு முட்டாகத் தள்ளினேன். டயரின் பள்ளங்கள் புறங்கையில் உரசின. அவனும் கண்ணாடியைப் பார்க்காமல் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறானா? நான் எண்ணியபோது அவன் இங்கே எங்கே இருந்தான், இரண்டிலா, மூன்றிலா? நிமிர்ந்தேன். விலகி நின்று கையைத் தூக்கினேன்.

பிரேக் விளக்கு அணையவில்லை.

மழை முழங்கை வழியாக அக்குளுக்குள் இறங்கியது. கை வலித்தது. இறக்கவில்லை. கண்ணாடிக்குள் அவன் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் அங்கிருந்து அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலை, தோள், கை. கை, தோள், தலை. பார்த்து முடிந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு சிவப்பு அணைந்தது. அந்தப் பெரிய உடம்பு முழுவதும் என்னை நோக்கி வந்தது. இரண்டு விரற்கடை. கட்டை முனகியது. நின்றது.

அப்படி அது தன்னை நோக்கி வருவதை அவன் அன்று ஏழு முறை பார்த்திருந்தான்.

முன்னால் நாலாவது வளைவு இருந்தது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பின்னால் நடந்தேன்.